படகின் நன்னீர்க் குழாய்களில் கசிவு: தேடுவது முதல் சரிசெய்வது வரை

குழாய் எதையும் யாரும் திறக்கவில்லை. ஆனாலும் தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் பம்ப் இரண்டு நொடி உறுமிவிட்டு நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே சத்தம். பம்ப் ஏற்றி வைத்த அழுத்தம் எங்கோ இறங்கிக்கொண்டிருக்கிறது.

சொட்டுதானே என்று விட்டுவிடக் கூடாது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலே ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போய்விடும். பத்து, பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் இருக்கும் தண்ணீரே பெரும்பாலும் 200 முதல் 400 லிட்டர்தான். கரையை விட்டு நாலு நாள் தள்ளிப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு லிட்டரும் கணக்கு. தண்ணீர் போவதோடு முடிவதில்லை. ஒட்டுப்பலகை, பால்சா மரம் போன்றவற்றை உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் சீக்கிரம் மக்க வைக்கும். உட்புற மரவேலை உள்ள படகில் மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட சின்னக் கசிவு பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

கசிவை அடைப்பது பெரும்பாலும் சின்ன வேலை. அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் நேரம் பிடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி தேடுவதைப் பற்றித்தான். தேடாமல் கண்ணில் பட்ட இணைப்பையெல்லாம் ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டே போனால், ஒழுகாத பிளாஸ்டிக் நட்டும் விரிசல் விட்டு ஒழுகத் தொடங்கும்.

தண்ணீர் போகும் வழி

டேங்கிலிருந்து ஒரு ஹோஸ், வடிகட்டி வழியாகப் பம்புக்கு வருகிறது. பம்ப் பெரும்பாலும் 12 வோல்ட் டயாஃப்ரம் வகை, உள்ளே ஒரு ரப்பர்த் திரை அசைந்து தண்ணீரைத் தள்ளும். அதன் தலையில் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கும். அழுத்தம் 25 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கினால் பம்பை ஓட்டும், 40 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் நிறுத்தும். இந்த எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், பம்பின் மேல் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். பம்பைத் தாண்டியதும் சில படகுகளில் அக்குமுலேட்டர் என்ற, காற்று அடைத்த சின்ன அழுத்தத் தொட்டி உண்டு. அதற்குப் பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது: ஒன்று நேராகக் குளிர்நீர்க் குழாய்களுக்கு, மற்றது ஹீட்டர் வழியாகச் சுடுநீருக்கு.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. பம்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம், பின்னால் இருப்பது அழுத்தும் பக்கம். அழுத்தும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வரும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால், பம்ப் ஓடும்போது காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் துப்பித் துப்பி வரும், பம்ப் நிற்காமல் ஓடும். அப்படி இருந்தால் முதலில் வடிகட்டிக் கிண்ணத்தின் ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மூடியைச் சரியாகத் திருப்பி மூடாததுதான் பல நேரம் காரணமாக இருக்கும்.

முதல் படி: அது என்ன தண்ணீர்?

பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், தண்ணீர் நிற்கிறது. அது டேங்கிலிருந்து வந்ததா, கடலிலிருந்து வந்ததா என்பது முதல் கேள்வி. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். அதைச் செய்யாதீர்கள். டீசல், கழிவுநீர், என்ஜின் கூலன்ட் எல்லாம் சேரும் இடம் அது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) இதற்குப் போதும். குழாய்த் தண்ணீர் சில நூறு பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டும். கடல்நீரில் உப்பு சுமார் 35,000 பி.பி.எம். என்பதால் சாதாரண மீட்டர் அளவு தாண்டிவிட்டதாகக் காட்டிவிடும். டேங்கில் இருக்கும் தண்ணீரையும் பில்ஜ் தண்ணீரையும் அடுத்தடுத்து அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கசிவு நன்னீர்க் குழாயிலோ டேங்கிலோதான். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: மேல்தளத்திலிருந்து இறங்கும் மழைத் தண்ணீரும், ஏசி, ஃபிரிட்ஜ் இவற்றிலிருந்து வடியும் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். அவற்றின் டி.டி.எஸ். டேங்க் தண்ணீரைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும். அப்புறமும் சந்தேகம் இருந்தால், டேங்கில் சமையல் வண்ணப்பொடியைக் கலந்துவிட்டு, பில்ஜில் அந்த நிறம் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: பம்பைக் கேளுங்கள்

எல்லாக் குழாய்களையும் இறுக மூடுங்கள். பின்பக்க ஷவர் இருந்தால் அதை மறக்க வேண்டாம், பாதி நேரம் குற்றவாளி அதுதான். ஷவர் தலையில் இருக்கும் பொத்தானை மட்டும் நம்பி, சுவரில் உள்ள குழாயைத் திறந்தே விட்டிருப்பார்கள். வெயிலில் காய்ந்து அந்த ஹோஸ் எங்காவது வெடித்திருக்கும்.

பம்பைப் போட்டு அழுத்தம் ஏறி நிற்க விடுங்கள். நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி எப்போது ஓடுகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் கண்ணால் பார்க்கக்கூடிய கசிவு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் மெல்லிய கசிவு, அல்லது பம்புக்குள் இருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் டேங்குக்கே திரும்பிப் போகிறது. இரண்டாவது காரணத்தில் படகுக்குள் எங்குமே ஈரம் இருக்காது. மணிக்கணக்கில் ஈரத்தைத் தேடி ஓய்ந்து போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இதைப் பிரித்தறிய, பம்ப் வெளியேற்றும் பக்கத்தில் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் மூடும் ஒரு பால் வால்வு வேண்டும். இல்லையென்றால் இப்போதே ஒன்றைப் பொருத்திவிடுங்கள், காலம் முழுக்க உதவும். அதை மூடிவிட்டுப் பம்பைப் போடுங்கள். மூடிய வால்வுக்கு எதிராக அழுத்தம் ஏறி நிற்கும். அப்புறமும் அடிக்கடி ஓடினால் குற்றம் பம்பிலேயே. ஓடவில்லை என்றால், வால்வுக்கு அப்பால் குழாய்களில் கசிவு இருக்கிறது.

குழாய் மூடியிருக்கும்போது பம்ப் விட்டுவிட்டு ஓடினால்தான் கசிவு என்று அர்த்தம். குழாயைத் திறந்திருக்கும்போது அது டக் டக் என்று ஓடி ஓடி நின்றால், அக்குமுலேட்டரில் காற்று இறங்கியிருக்கலாம். பம்பை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு, டயர் அழுத்தம் பார்க்கும் கருவியால் அளந்து பாருங்கள். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட இரண்டு முதல் ஐந்து பி.எஸ்.ஐ. குறைவாகக் காற்று இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: பகுதி பகுதியாகப் பிரிப்பது

ஹீட்டருக்குள் போகும் குளிர்நீர் வால்வை மூடுங்கள். பம்ப் அமைதியானால் கசிவு சுடுநீர்ப் பக்கம். அமைதியாகவில்லை என்றால் குளிர்நீர்ப் பக்கம். ஒரே வால்வில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். அதன்பிறகு முன் கழிவறை, சமையல் மேடை, பின் கழிவறை என்று ஒவ்வொரு கிளையாக மூடிப் பார்க்கலாம். கிளைகளுக்கு வால்வு இல்லாத படகுகளில், T வடிவ இணைப்பிலிருந்து அந்தக் குழாயைக் கழற்றி, அதே அளவு அடைப்பானைச் செருகிவிட்டால் போதும்.

டேங்க் மேல் சந்தேகம் என்றால், பம்பை அணைத்துவிட்டு ஒரு சுத்தமான குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க விட்டு, படகு அசையாத நேரத்தில் மறுபடி அளங்கள். பம்ப் ஓடாமலே மட்டம் இறங்கியிருந்தால் டேங்க், அல்லது அதன் அடியிலிருந்து கிளம்பும் ஹோஸ். இறங்கிக்கொண்டே வந்து ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில்தான். டேங்கை முழுக்க நிரப்பினால் மட்டும் பில்ஜ் நனைகிறது என்றாலும், பாயில் சாய்ந்து ஓடும்போது மட்டும் நனைகிறது என்றாலும், டேங்கின் மேல்பக்கத்தைப் பாருங்கள்: சோதனை மூடியின் ரப்பர், நிரப்பும் ஹோஸின் கிளிப், காற்றுக் குழாய்.

நான்காம் படி: அந்த ஒரு இணைப்பு

பகுதி தெரிந்ததும் அங்குள்ள இணைப்புகளை எல்லாம் துணியால் துடைத்து முழுக்க உலர்த்துங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு டிஷ்யூ தாள். பம்பைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஈரம் பட்ட தாள் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் தாள் நனைந்த இடம்தான் ஓட்டை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தண்ணீர் குழாயின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே ஓடி, குழாய் எங்கே தாழ்கிறதோ அங்கே வந்து சொட்டும். ஒரு மீட்டர் தள்ளிக்கூடச் சொட்டலாம். சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கி, விரலைக் குழாயின் அடியில் வைத்துத் தடவிக்கொண்டே போங்கள். ஈரம் முடிகிற இடம்தான் நீங்கள் தேடுவது.

சிங்க் குழாயின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டுகளைத் தனியாகக் கவனியுங்கள். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடித்து, நட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். மரையோடு ஒட்டி முடி அளவுக்கு ஒரு கோடு வாய் திறந்து, அதில் ஒரு நீர்முத்து கிளம்பும். கையை எடுத்ததும் கோடு மறைந்துவிடும். இப்படி விரிசல் விட்ட நட்டை எந்தப் பசையும் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும்.

சரிசெய்வது: தள்ளிப் பொருத்தும் இணைப்புகள்

எந்த வேலைக்கும் முன் பம்பின் சுவிட்சை அணைத்து, கரையிலிருந்து தண்ணீர் வரும் குழாய் இணைத்திருந்தால் அதையும் மூடி, தாழ்வான ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். சுடுநீர்ப் பக்கம் என்றால் ஹீட்டர் ஆறட்டும். அதன் மின்சார இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

ஐரோப்பியப் படகுகளில் அதிகம் இருப்பது 15 மி.மீ. விறைப்பான பிளாஸ்டிக் குழாய். வேல், ஜான் கெஸ்ட் போன்ற நிறுவனங்களின் தள்ளிப் பொருத்தும் இணைப்புகள் இதற்கு உண்டு. உள்ளே ஒரு ஓ-ரிங் தண்ணீரைத் தடுக்கிறது, பல் உள்ள ஒரு வளையம் குழாயைப் பிடித்துக்கொள்கிறது. ஒழுகினால் பெரும்பாலும் குழாய் முனைதான் காரணம்: சாய்வாக வெட்டியது, பிசிறு இருப்பது, முன்பு பல் கடித்த கீறல் ஓ-ரிங்குக்கு நேராக வந்து நிற்பது.

அந்த வளையத்தின் வெளியே தெரியும் விளிம்பை இணைப்பின் உடலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு குழாயை இழுத்தால் கழன்று வரும். முனையில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் குழாய் வெட்டும் கருவியால் நேராக வெட்டுங்கள். ஹேக்ஸா வேண்டாம், பிசிறு விடும். செருக வேண்டிய ஆழத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அந்தக் குறி வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு வெளியே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. முதலில் ஒரு தடுப்பு தட்டும், அதுதான் முடிவு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது ஓ-ரிங். அதையும் தாண்டி உள்ளே போக வேண்டும். குழாய் வளைந்து வந்து இணைப்பைப் பக்கவாட்டில் இழுத்தாலும் ஒழுகும், அதனால் பக்கத்திலேயே ஒரு கிளாம்ப் போட்டுக் குழாயை நேராக நிறுத்துங்கள்.

அளவைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. அமெரிக்காவின் அரை அங்குல பெக்ஸ் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) குழாயின் வெளிவிட்டம் சுமார் 15.9 மி.மீ. ஐரோப்பியக் குழாய் 15 மி.மீ. கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்க இணைப்பில் 15 மி.மீ. குழாயைச் செருகினால் போகும், ஒழுகவும் செய்யும். பல கைகள் மாறிய படகில் இரண்டும் கலந்திருக்கலாம். வெர்னியர் காலிப்பரால் அளந்த பிறகே உதிரி வாங்குங்கள்.

ஹோஸும் கிளிப்பும்

பழைய படகுகளிலும், பம்பின் இரண்டு பக்கத்திலும் வலை பதித்த பிவிசி ஹோஸ் இருக்கும். பம்ப் அதிர்வதால் அதன் பக்கத்தில் விறைப்பான குழாயை நேராகக் கொடுக்காமல் ஹோஸ் கொடுப்பதே சரி. நாளாக நாளாக ஹோஸின் முனை கெட்டியாகி, கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. கெட்டியான பகுதியை வெட்டி எறியுங்கள். புதிய முனையைக் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகி, முழு ஆழத்துக்கும் ஏறும். சிலிக்கான் பசை தடவி ஏற்ற வேண்டாம்: அது வழுக்க வைக்கும், கசிவை மறைக்கும். கிளிப் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். திருகும் அதே உலோகமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்டினால் அது துருப்பிடிக்கும் வகை. குடிநீருக்கு ஏற்ற ஹோஸ்தானா என்பதையும் பாருங்கள். தோட்டத்து ஹோஸ் தண்ணீருக்கு நாற்றம் ஏற்றும்.

மரை இணைப்புகள்

டெஃப்லான் டேப் எல்லா இணைப்புக்கும் மருந்து கிடையாது. முனையை நோக்கிச் சிறுத்து வரும் கூம்பு மரையில் மட்டும் சுற்றுங்கள், இறுக்கும் திசையிலேயே. வாஷரோ ஓ-ரிங்கோ இருந்து அதுவே தண்ணீரைத் தடுக்கும் இடத்தில் டேப் தேவையில்லை, கெடுதல்கூடச் செய்யும். அங்கே வாஷரை மாற்றி, கையால் இறுக்கினாலே போதும். பம்ப் வாயில் வரும் சுழல் நட்டுகள் அநேகமாக இந்த வகை.

அமெரிக்கப் பம்ப், ஐரோப்பியப் படகு என்றால் இன்னொரு சிக்கல். அரை அங்குல என்.பி.டி. (அமெரிக்க வகை) மரையிலும் பி.எஸ்.பி. (ஐரோப்பாவில் புழங்கும் வகை) மரையிலும் அங்குலத்துக்கு 14 புரிகள்தான். அதனால் ஒன்றில் ஒன்று ஏறும். ஆனால் ஒன்றின் கோணம் 60 டிகிரி, மற்றதன் கோணம் 55. எத்தனை சுற்று டேப் போட்டாலும் கொஞ்ச நாளில் கசியும். இரண்டையும் சேர்க்கும் அடாப்டர் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள்.

பம்ப், ஹீட்டர், டேங்க்

பம்பின் வால்வில் தண்ணீர் திரும்புகிறது என்று தெரிந்தால், தலையில் உள்ள திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். டேங்க் செய்யும்போது உள்ளே தங்கிய பிளாஸ்டிக் சீவல் ஒன்று வால்வின் உதட்டில் மாட்டியிருக்கலாம். எடுத்துவிட்டால் சரி. ரப்பர் தேய்ந்திருந்தால் வால்வும் டயாஃப்ரமும் சேர்ந்த உதிரித் தொகுப்பு கிடைக்கும். பிரஷர் சுவிட்ச் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தால் சுவிட்சை மாற்றுங்கள். மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடம் அது.

ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு, தண்ணீர் சூடாகும்போது மட்டும் சொட்டினால் பயப்பட வேண்டாம். 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் சுமார் இரண்டு சதவீதம் பெருகும். 20 லிட்டர் ஹீட்டரில் அது ஏறக்குறைய 400 மில்லி. திரும்ப விடாத வால்வு இருப்பதால் அது பின்னால் போக முடியாமல் பாதுகாப்பு வால்வு வழியாக வெளியே வருகிறது. சுடுநீர்ப் பக்கத்தில் ஒரு சின்ன விரிவுத் தொட்டி வைத்தால் நிற்கும். ஆறிய பிறகும் சொட்டினால், நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கி விட்டுப் படிவைக் கழுவிப் பாருங்கள். நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்த வாயை அடைக்காதீர்கள். ஹீட்டர் வெடிக்காமல் இருப்பதற்கு அதுதான் கடைசிக் காவல்.

சுடுநீரில் பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நிறம் தெரிந்தாலோ, என்ஜின் கூலன்ட் காரணம் தெரியாமல் குறைந்தாலோ கூடினாலோ, ஹீட்டருக்குள் ஓடும் சுருள், அதாவது என்ஜினின் சூடான கூலன்ட் பாய்ந்து தண்ணீரைச் சூடாக்கும் குழாய், ஓட்டையாகியிருக்கலாம். உடனே அந்தத் தண்ணீரைக் குடிப்பது, சமைப்பது, பல் துலக்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சுருளுக்குப் போகும் என்ஜின் ஹோஸ்களைக் கழற்றி, இரண்டையும் நேராக இணைத்துவிட்டு, ஹீட்டரை ஒதுக்கி வையுங்கள்.

டேங்கில் ஓட்டை என்றால் அது எதனால் செய்தது என்பதைப் பொறுத்தது. பாலிஎத்திலீனில் பெரும்பாலான பசைகள் ஒட்டாது. சாதாரண வகையைப் பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவர் ஒட்டித் தரலாம், குறுக்குப் பிணைப்பு வகை உருகாது என்பதால் அதையும் செய்ய முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் வெல்டிங் ஓரத்தில் அரிக்கும். அலுமினிய டேங்க், ஈரம் தங்கும் ஃபோமோ மரமோ ஒட்டியிருக்கும் வெளிப்பக்கத்திலிருந்து ஊசித்துளை விடும். ஒரு துளை தெரிந்தால் பக்கத்தில் இன்னும் சில காத்திருக்கும், ஒட்டுப்போட்டுப் பணத்தை வீணாக்குவதைவிட மாற்றுவது நல்லது. டேங்கை வெளியே எடுக்கவே முடியாத படகில், சோதனை மூடி வழியாக உள்ளே ஒரு நெகிழ் பையை நுழைத்து அதையே டேங்காக்குவது நல்ல வழி.

நடுக்கடலில் என்றால்

ஒழுகும் கிளையை அடைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துவதுதான் சிறந்த தற்காலிக வைத்தியம். 15 மி.மீ. அடைப்பான் இரண்டு, நேர் இணைப்பு இரண்டு, சில கிளிப்புகள், ஒரு மீட்டர் ஹோஸ் இவை படகில் எப்போதும் இருக்கட்டும். நேரான குழாயில் விரிசல் என்றால், தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப்பை நன்றாக இழுத்து, பாதிப் பாதி மேல்விழும்படி சுற்றலாம். அழுத்தம் இறக்கி, குழாயைத் துடைத்த பிறகே சுற்ற வேண்டும். இணைப்புகளின் வளைவில் அது பிடிக்காது. டேப் இல்லையென்றால் சைக்கிள் டியூபில் ஒரு துண்டும் இரண்டு கிளிப்பும் கரை சேரும் வரை தாங்கும்.

முடித்தபின்

எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, தூரத்தில் உள்ளதிலிருந்து தொடங்கி, காற்றை வெளியேற்றுங்கள். மூடிவிட்டுப் பம்பைப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கசிவு நின்றிருந்தால் பம்ப் வாயே திறக்காது.

குழாயைத் திறந்து வேலை செய்ததால் கிருமிநீக்கம் அவசியம். 100 லிட்டர் தண்ணீருக்கு, மணம் சேர்க்காத 5 சதவீத ப்ளீச் திரவம் 100 மில்லி போதும். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசனை வரும் வரை ஓட விட்டு, நாலு மணி நேரம் நிறுத்தி வைத்து, வாசனை போகும் வரை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அலுமினிய டேங்குக்கு இது ஆகாது, ப்ளீச் அதை அரிக்கும்.

கரைக் குழாயோடு நேரடியாக இணைக்கும் வசதி உள்ள படகில் பிரஷர் ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் இணைக்காதீர்கள். படகை விட்டு இறங்கும்போது அந்த ஹோஸைக் கழற்றிவிட்டே போங்கள். டேங்கில் இருப்பது முழுக்க ஒழுகினாலும் அது படகு சுமந்துகொண்டிருந்த தண்ணீர்தான். கரைக் குழாயில் வருவதற்கு முடிவே இல்லை. ஆளில்லாத படகில் ஒரு இணைப்பு கழன்று, பில்ஜ் பம்பின் பேட்டரியும் தீர்ந்தால், கட்டி வைத்த இடத்திலேயே படகு மூழ்கும்.

தரைப்பலகையை உடனே திருகிவிட வேண்டாம். டிஷ்யூ தாள்களை அப்படியே விட்டு, டேங்கை நிரப்பிக்கொண்டு, அலையில் ஒருமுறை இரண்டு பக்கமும் சாய்த்து ஓட்டிவிட்டு வாருங்கள். தாள் எல்லாம் உலர்ந்திருந்தால் பலகையை மாட்டலாம்.